9 அடித் தொட்டியா, ஐந்து இருக்கையா?

தண்டையார்பேட்டையில் மரவேலை எடுத்துச் செய்யும் என் மைத்துனர் பிக்கப் வாங்கப் போகிறார். மகிந்திரா பொலிரோ பிக்கப்பில் 9 அடித் தொட்டி கிடைக்கிறது. 8 அடிக்கு 4 அடி பிளைவுட்டைப் படுக்கவைத்துப் பின்கதவைத் தாழிட்டுவிடலாம். எனக்கு அந்தத் தாழ்ப்பாள் சத்தம்தான் நிம்மதி. பொலிரோ கேம்பரில் ஐந்து பேர் உட்காரலாம், தொட்டி ஏறக்குறைய பாதிதான். அதே பலகை வெளியே மூன்றடி நீட்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

நீளத் தொட்டியையே வாங்கச் சொன்னேன். ஒரே நிபந்தனை: ஆட்களைத் தொட்டியில் ஏற்றக் கூடாது. அது சட்டப்படி குற்றம். பிரேக் போடும்போது பலகை சரிந்தால் கால் நசுங்கிவிடும். அவர்களுக்கு மெட்ரோ டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், மச்சான்.