தாய்லாந்து ஓய்வுக்கால விசா: வாங்குவது சுலபம், காப்பாற்றுவதுதான் பாடு

50 வயது நிறைந்திருந்தால் தாய்லாந்தில் ஓய்வுக்காலத்துக்கென்று விசா கிடைக்கும். விளம்பரங்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. கையில் வருவது நிரந்தர வசிப்புரிமை அல்ல. ஒரு வருட அனுமதி மட்டும். அடுத்த வருடமும் அதே கவுன்டர், அதே காகிதக் கட்டு.

பொதுவான வழிகள் இரண்டு. 'ஓ-ஏ' என்ற விசா வகை சொந்த நாட்டிலிருந்தே விண்ணப்பிப்பது. காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, 30 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்) அளவுக்கு மருத்துவக் காப்பீடு எல்லாம் வேண்டும். விண்ணப்பிக்கும்போது பணம் சொந்த நாட்டு வங்கியிலேயே இருக்கலாம் என்பதுதான் இதில் சௌகரியம். 'ஓ' வழியில் 90 நாள் விசாவோடு உள்ளே போய், அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் டிஎம் 7 படிவமும் 1,900 பாட்டும் கொடுத்து ஓராண்டு நீட்டிப்பு வாங்க வேண்டும். இதற்குக் காப்பீடு கேட்பதில்லை. எழுபதைத் தாண்டினால் காப்பீடு கிடைப்பதே திண்டாட்டம் என்பதால் எங்கள் ஓட்டு 'ஓ'வுக்குத்தான்.

இனி பணம். தாய்லாந்து வங்கியில் உங்கள் ஒருவர் பெயரில் 8 லட்சம் பாட். நீட்டிப்பு விண்ணப்பத்துக்கு முன் 2 மாதம், நீட்டிப்பு கிடைத்தபின் 3 மாதம் அதில் கை வைக்க முடியாது. மீதி 7 மாதமும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 2019-ல் வந்த விதி இது. ஆக, அங்கே இருக்கும்வரை 4 லட்சம் பாட் உங்கள் பணமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் அதை எடுத்தால் அடுத்த நீட்டிப்பு போச்சு. மருத்துவத்துக்கு வேறு பணம் தனியாக இருந்தே ஆக வேண்டும்.

தவறு பெரும்பாலும் சில்லறையில்தான் நடக்கும். சரியாக 8 லட்சம் வருமாறு அனுப்பினால் வழியில் வங்கிக் கட்டணம் பிடித்து 7,99,500 என்று வந்து நிற்கும்; 8.2 லட்சமாக அனுப்புங்கள். விண்ணப்பிக்கும் நாள் காலையிலேயே ஒரு சிறு தொகையைச் செலுத்தியோ எடுத்தோ பாஸ்புக்கில் அன்றைய தேதிக்கு என்ட்ரி விழச் செய்து, வங்கிக் கடிதத்தையும் கையோடு வாங்கிக்கொள்வது நல்லது. மாதம் 65,000 பாட் வருமானம் காட்டும் மாற்று வழியும் உண்டு. நாணய மாற்று விகிதம் சரிந்து ஒரு மாதம் 64,800 வந்தாலும் சிக்கல்.

பலர் விசாவை இழப்பது ஊருக்குப் போய்வரும்போது. மறுநுழைவு அனுமதி வாங்காமல் நாட்டை விட்டு வெளியேறினால் நீட்டிப்பு அந்த நிமிடமே காலாவதி. ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. வருடத்தில் நான்கு முறை போவதென்றால் இரண்டாவதுதான் லாபம். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் முத்திரையைப் படித்துப் பார்த்துவிட்டு நகருங்கள். அவசரத்தில் சுற்றுலாப் பயணிக்கான தேதி குத்தப்படுவதுண்டு. அங்கேயே சொன்னால் உடனே திருத்திவிடலாம். வீட்டுக்கு வந்தபின் என்றால் அலைச்சல்.

90 நாளுக்கு ஒருமுறை டிஎம் 47 படிவத்தில் முகவரி தெரிவிக்க வேண்டும். 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை நேரில் கொடுக்கலாம். தவறினால் 2,000 பாட் அபராதம். வெளிநாடு போய் வந்தால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். வாடகைக்கு எடுக்கும் முன் வீட்டுக்காரர் டிஎம் 30 பதிவு (வெளிநாட்டவர் தன் வீட்டில் தங்குவதைக் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது) செய்வாரா என்று கேளுங்கள். அது அவர் வேலை, ஆனால் செய்யாவிட்டால் கவுன்டரில் நிற்பது நீங்கள்.

வருடத்தில் 180 நாள் தங்கினால் வரிக் கணக்கிலும் நீங்கள் அந்நாட்டுவாசி. 2024 முதல் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரி உண்டு. அதற்கு முந்தைய சேமிப்புக்கு இல்லை என்பதால் 31.12.2023 தேதியிட்ட வங்கி அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

8 லட்சத்தை 'நாங்களே காட்டுகிறோம்' என்னும் ஏஜென்ட்டுகள் பக்கம் போகாதீர்கள். பொய் ஆவணத்தில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து.

கடைசியாக ஒன்று: கணக்கு ஒருவர் பெயரில் இருப்பதால், அவர் காலமானால் நீதிமன்ற உத்தரவு வரும்வரை துணைவருக்கு அந்தப் பணம் வராது. தாய்லாந்துச் சட்டப்படி ஒரு உயிலும், துணைவர் பெயரில் ஆறு மாதச் செலவுக்குத் தனிக் கணக்கும் முதல் மாதமே செய்யவேண்டிய வேலைகள்.