யாழ்தேவியும் வடபாதையும்: கடன் பணத்தில் எழுந்த ஒரு சேவை பற்றிய மதிப்பீடு

கொழும்பு கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் வரையான ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தைப் புகையிரதத்தில் ஆறு, ஏழு மணித்தியாலங்களில் கடந்துவிடலாம். 1956 இல் ஓடத் தொடங்கி 1990 ஜூனில் நின்றுபோன யாழ்தேவி, 2014 ஒக்ரோபர் 13 அன்று மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது. அடுத்த ஜனவரியில் பாதை காங்கேசன்துறை வரை திறக்கப்பட்டது. போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டதால், வவுனியாவை அடுத்துள்ள ஓமந்தைக்கு வடக்கே முழுப் பாதையையும் புதிதாகவே போட வேண்டியிருந்தது. பணம் இந்திய அரசின் கடனாக வந்தது. வேலையை இந்தியப் பொதுத்துறை நிறுவனமான இர்கோன் செய்தது. ஆகவே இந்தச் சேவையை மதிப்பிடும்போது, ஆசனமும் நேரமும் எப்படி என்பதோடு அந்தக் கடன் வடக்குக்கு என்ன செய்தது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

பயணியாக எனக்குப் பெரிய குறையொன்றும் இல்லை. பெட்டியில் ஆட்டம் அதிகமில்லை. கையில் தேநீர்க் கோப்பையுடன் எழுந்து நடக்கலாம். ஆனையிறவில் இரு புறமும் கடல்நீர் விரிய, கடலை வடைக்காரர் கூடையை இடுப்பில் அணைத்தபடி பெட்டி பெட்டியாக வருகிறார். முன்பெல்லாம் இந்தச் சுகம் ஓமந்தைக்குப் பிறகுதான். மாஹோவிலிருந்து ஓமந்தை வரையான 128 கிலோமீற்றர் பழைய பாதை, 9 கோடியே 12 இலட்சம் டொலர் அளவிலான இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு 2025 ஏப்ரலில் முறையாகத் திறந்துவைக்கப்பட்ட பின்னர், தெற்குப் பகுதியிலும் வண்டி குலுக்கலின்றி ஓடுகிறது.

ஆனால் பாதை தாங்கக்கூடிய வேகத்தில் வண்டி எல்லா இடத்திலும் ஓடுவதில்லை. தண்டவாளம் ஒரு கடனில் வந்தது. மாஹோ–அனுராதபுரம் பகுதிக்கான சமிக்ஞைத் தொகுதியை அமைக்கும் வேலையோ வேறொரு நன்கொடையில், பாதை திறக்கப்பட்ட அதே 2025 ஏப்ரலில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இதே பாதையில் ஓடும் இன்னொரு வண்டியான உத்தரதேவிக்கான பெட்டித் தொடர்கள் இன்னொரு கடன் ஏற்பாட்டின் கீழ் சென்னை பெரம்பூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. வெளிநாட்டு உதவியை நம்பிக் கட்டப்படும் சேவைகளுக்கெல்லாம் உள்ள சிக்கல் இது: ஒவ்வொரு பகுதியும் தனித்தனி உடன்படிக்கையாக, தனித்தனி ஆண்டில் வந்து சேர்கிறது, அவை எல்லாம் பொருந்தும்வரை முதலில் வந்தது தன் முழுப் பலனைத் தருவதில்லை.

இத்தகைய இந்தியக் கடன்களில் பொருள்களிலும் சேவைகளிலும் பெரும்பகுதியை இந்தியாவிலிருந்தே பெற வேண்டும் என்பது வழமையான நிபந்தனை. அதனால் வேலை விரைவாகவும் தரமாகவும் முடிந்தது என்பதை மறுக்க முடியாது. அதே வேளை, கடனில் பெரும்பங்கு கொடுத்த நாட்டின் தொழிற்சாலைகளுக்கே திரும்பிப் போனது. கடனை அடைக்கும் பொறுப்பு மட்டும் இலங்கைக்கு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியபோது, மீள்கட்டமைப்புப் பேச்சுவார்த்தைகளில் கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு இணைத்தலைமை தாங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பயணச்சீட்டின் விலையைப் பார்த்து இந்தப் பாதை மலிவானது என்று எண்ணிவிடக் கூடாது.

என் உண்மையான ஏமாற்றம் சரக்குப் போக்குவரத்தில்தான். பழைய வடபாதை பயணிகளை மட்டும் நம்பி இருந்ததில்லை. 1990 இல் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் மூட்டைகள் இதே வழியாகத்தான் தெற்கே போயின. இன்றோ யாழ்ப்பாணத்து வெங்காயமும் வாழைக்குலையும் பெரும்பாலும் ஏ-9 வீதியில் லொறிகளிலேயே தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகின்றன. தோட்டத்திலிருந்து நிலையத்துக்கு ஒரு முறை, நிலையத்திலிருந்து சந்தைக்கு இன்னொரு முறை ஏற்றி இறக்கும் கூலியைக் கணக்கிட்டால், விவசாயி லொறியைத் தெரிவுசெய்வதில் வியப்பில்லை. இதை மாற்றத் தேவையானவை குளிர்ச் சரக்குப் பெட்டிகள், நிலையத்தோடு ஒட்டிய களஞ்சியங்கள், இரவு வண்டி வந்து சேரும் நேரத்தில் திறந்திருக்கும் சந்தை ஆகியனவே. பாதையோடு ஒப்பிட்டால் இவை சிறு செலவுகள். ஆனால் திறப்பு விழாவுக்கு ஏற்றவை அல்ல என்பதாலோ என்னவோ, கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் இவற்றில் அக்கறை காட்டக் காணோம். காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க 6 கோடியே 15 இலட்சம் டொலரை முழு நன்கொடையாகவே தர இந்தியா 2024 இல் முன்வந்தது. துறைமுகத்துக்கும் நிலையத்துக்கும் இடையிலுள்ள சிறு தூரத்தைச் சரக்குக்கு ஏற்றவாறு இணைக்கும் திட்டம் அதனுடன் சேர்ந்து வராவிட்டால், வடபாதையில் நடந்ததே அங்கும் நடக்கும்.

பயணம் செய்ய எண்ணுவோருக்கு: இரண்டாம் வகுப்பு ஒதுக்கப்பட்ட ஆசனம் கொடுக்கும் பணத்துக்குத் தகுந்தது. குளிரூட்டிய பெட்டியில் யன்னல் திறக்க முடியாது என்பதால், ஆனையிறவைக் காற்றோடு பார்க்க விரும்புவோர் அதைத் தவிர்க்கலாம். ஆசனப் பதிவு 30 நாட்களுக்கு முன்னரே தொடங்கும். நல்லூர்த் திருவிழாக் காலமென்றால் முதல் நாளிலேயே பதிந்துவிடுங்கள்.