பன்றிக் காவலுக்கு எது: அரைத் தானியங்கித் துவக்கா, இரட்டைக் குழலா?

வன்னியில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் அனுமதிப்பத்திரத்தோடு காட்டுப்பன்றி வராமல் கச்சான் (நிலக்கடலை) தோட்டம் காவல் காப்பவருக்கு நான் சொல்வது இரட்டைக் குழல்தான்.

அரைத் தானியங்கி, சுட்டதும் தானே வெற்றுக்கோதைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும். வேகம் உண்டு, சிக்கலும் அங்கேதான். மாரி ஈரத்தில் ஊதிய தோட்டா, தளர்ந்த சுருள்வில், கரி படிந்த தோட்டா அறை, வலுக்குறைந்த தோட்டா, எது வாய்த்தாலும் பாதியில் இறுகிவிடும். இறுகினால் குழலை ஆளில்லாத திசைக்குத் திருப்பி, விசையில் விரல் படாமல், எல்லாத் தோட்டாவையும் முதலில் இறக்குங்கள். அடுத்து வேறு தோட்டா போட்டுப் பாருங்கள். தீராவிட்டால் துப்புரவு. சுருள்வில்லைச் சந்தேகிப்பது கடைசியில்.

இரட்டைக் குழலில் ஏற்றுவது கை. ஊதிய தோட்டா அறைக்குள் இறங்காதது உடனே தெரியும். இரண்டே வெடிதான், உண்மை. ஆனால் இருட்டில், வரம்பில் நின்று அடைப்பெடுக்கும் ஆபத்து குறைவு.