சுங்கை சிப்புட் கடைவீட்டில் ஒரு முறுக்குத் தராசு: வாங்கலாமா?

முறுக்குத் தராசு என்பது, நாடாவில் தொங்கும் ஒரு குச்சி எவ்வளவு திரும்புகிறது என்பதை வைத்து, குண்டுகளுக்கு இடையே உள்ள ஈர்ப்பு விசையை அளக்கும் கருவி. நீளம், அகலம், உயரம் போக வேறு கூடுதல் பரிமாணங்கள் உண்டா என்று வகுப்பறையிலேயே தேடலாம் என்று இந்தக் கருவியின் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். தேட முடியாது. அந்த வரிக்காகக் காசு கொடுக்காதீர்கள். ஆனால் அந்தத் தேடல் ஏன் இத்தனை கடினம் என்பதைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல பொருள் கிடையாது. ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் நடத்தும் டியூஷன் சென்டர்கள் நாலைந்து சேர்ந்தால், பல ஆயிரம் ரிங்கிட் விலை கட்டுப்படியாகும்.

உள்ளே இருப்பவை: ஒரு குச்சியின் இரு முனையிலும் 38 கிராம் டங்ஸ்டன் குண்டுகள், குச்சியைத் தொங்கவிட மெல்லிய பெரிலியம்-செம்பு நாடா, அதில் ஒட்டிய சின்ன ஆடி, வெளியே நிறுத்த 1.5 கிலோ ஈயக் குண்டுகள் இரண்டு, ஒரு லேசர். லேசர் ஒளி ஆடியில் பட்டுத் திரும்பி, எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளியாக விழும்; குச்சி திரும்பினால் புள்ளி நகரும். 1798இல் ஆங்கிலேய விஞ்ஞானி கேவென்டிஷ் கையாண்ட அதே முறைதான். சிறிய குண்டுக்கும் பெரிய குண்டுக்கும் இடையே, மையத்துக்கு மையம் 46.5 மில்லிமீட்டர். அங்கே இழுக்கும் ஈர்ப்பு விசை, ஒரு கிராமை 55 லட்சம் கூறு போட்டால் வரும் ஒரு கூறின் எடை அளவுதான்.

அதனால் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நம் ஊர் டியூஷன் சென்டர்கள் பெரும்பாலும் கடைவீட்டு மாடியில். அங்கே வைத்தால் ஒரு பையன் நாற்காலியை இழுத்தாலே போதும், சுவரில் சிவப்புப் புள்ளி கூத்தாடும். கீழ்த்தளச் சிமெண்டுத் தரையில், சுவர் மூலையில் வையுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளும் ரயிலும் ஓய்ந்த இரவு நேரம் நல்லது. தகரக் கூரையின் கீழ் பகலில் அளக்கவே வேண்டாம். பெட்டியின் ஒரு பக்கம் சூடேறினால் உள்ளே காற்று சுழன்று குச்சியைத் தள்ளும். ஃபேன், ஏர்கண்டிஷன் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். பெட்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்தால் மின்னேற்றம் தங்கி, ஈர்ப்பைவிடப் பலமாக இழுக்கும். எர்த் வயரை மாட்டாமல் தொடங்காதீர்கள்.

நாடாவைத் தொங்கவிட்டதும் ஓரிரு நாள் அப்படியே விடுங்கள். புது நாடா மெல்லத் தளரும், புள்ளியும் நகர்ந்துகொண்டே இருக்கும். பிறகு ஈயக் குண்டுகளை மறுபக்கம் திருப்புங்கள். கண்ணாடியில் இடித்தால் முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான். 5 மீட்டர் தள்ளி ஒட்டிய கிராஃப் தாளில், புள்ளி ஒரு முறை போய்வர ஏறத்தாழ 8 நிமிடம். 30 வினாடிக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். ஆட்டம் அடங்கும்போது பழைய இடத்திலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். கம்பி இல்லை, காந்தம் இல்லை, வெறும் ஈயம் இழுத்து நகர்ந்த தூரம் அது. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

கையேட்டில் ஒரு பெரிய குறை. ஒவ்வொரு சிறிய குண்டையும் எதிர்ப்பக்கத்து ஈயக் குண்டும் சற்று இழுக்கும். அதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. இதனால் ஈர்ப்பு மாறிலிக்கு (G) கிடைக்கும் விடை சுமார் 7 விழுக்காடு குறைந்து, 6.67 × 10⁻¹¹ வர வேண்டிய இடத்தில் 6.2 × 10⁻¹¹ வரும். மாணவர்கள் தங்கள் கைமேல் பழி போட்டுக்கொள்வார்கள்.

பரிமாண விஷயத்துக்கு வருவோம். ஈர்ப்பு மூன்று பரிமாணங்களில் பரவுவதால் தூரம் பாதியானால் விசை 4 மடங்காகிறது. சுருண்டு கிடக்கும் இரண்டு பரிமாணங்கள் கூடுதலாக இருந்தால், அந்தச் சுருளின் அளவைவிட நெருக்கத்தில் விசை 16 மடங்காகும். அந்தச் சுருள் மில்லிமீட்டர் அளவுக்குக்கூடப் பெரிதாக இருக்கலாம் என்று 1998இல் அர்க்கானி-ஹமேத், டிமோபோலஸ், துவாலி என்ற இயற்பியலாளர்கள் மூவரும் சொன்னார்கள். கையேடு அத்தோடு நின்றுவிடுகிறது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஏட்-வாஷ் குழு, முறுக்குத் தராசை வைத்தே 2020இல் 52 மைக்ரோமீட்டர் நெருக்கம் வரை அளந்துவிட்டது. தூரம் பாதியானால் 4 மடங்கு என்ற விதி அங்கேயும் மாறவில்லை. அவர்கள் குண்டுகளை விட்டுவிட்டுத் தட்டையான வட்டுகளை எடுத்ததற்குக் காரணம் இந்தக் கருவியிலேயே தெரியும்: உருண்டைகள் தொட்டுக்கொண்டாலும் மையங்கள் சென்டிமீட்டர் கணக்கில் விலகியே நிற்கும். மின்னேற்றத்தைத் தடுக்க அவர்கள் வட்டுகளுக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டும் மெல்லிய உலோகத் தகடும், நாம் மாட்டும் எர்த் வயரும் ஒரே தொல்லைக்கு மருந்து.

வாங்கும்போதே உபரி நாடா இரண்டைக் கேட்டு வாங்குங்கள். குச்சியை அசையாமல் பிடிக்கும் பூட்டுத் திருகை இறுக்காமல் பெட்டியை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றினாலே நாடா அறுந்துவிடும்.