25 அடி மோட்டார் ஹோமும் செக்கோயா மலைச்சாலையும்

போன ஜூலையில் கலிஃபோர்னியாவில் அடுத்தடுத்து இருக்கும் செக்கோயா, கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காக்கள் இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம் என்று 25 அடி மோட்டார் ஹோம் (படுக்கை, சமையலறையோடு கூடிய வண்டி) ஒன்றை ஐந்து நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம். வண்டி நல்ல வண்டி. கொடுத்தவர்கள்தான் சரியில்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள், சொன்னோம், தலையாட்டினார்கள், கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்வது எப்படி என்று அரை மணி நேரம் வீடியோ காட்டினார்கள். ஆனால் த்ரீ ரிவர்ஸ் ஊர்ப் பக்கமிருந்து செக்கோயாவுக்கு ஏறும் ஜெனரல்ஸ் ஹைவே என்கிற மலைச்சாலையில், பாட்விஷா முகாமுக்கு மேல் 22 அடிக்கு நீளமான வண்டி வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே சொல்வதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. நுழைவாயிலில் இருந்த ரேஞ்சர் அம்மா "எத்தனை அடி?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. திரும்பி விசேலியா, ஃப்ரெஸ்னோ என்று சுற்றி, 180ஆம் நெடுஞ்சாலையில் ஏறி கிங்ஸ் கேன்யன் பக்கத்து கிராண்ட் குரோவ் சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம். நானும் முன்பே படித்திருக்கலாம், சரி. ஆனால் அந்தக் காட்டுக்குப் போகிறவர்களுக்கே வண்டி கொடுத்துப் பிழைக்கிற கடைக்கு இது தெரியாதா?

இரவு அங்கேயே அசேலியா முகாமில். படுக்கை, சுடுதண்ணீர், ஹீட்டர் எதையும் குறை சொல்ல முடியாது. 6,500 அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் முதல் நாள் சட்டியில் வைத்த சோறு நடுவில் அரிசியாகவே நின்றது. மறுநாள் குக்கரை எடுத்தோம், விசில் சத்தத்துக்குப் பக்கத்து டென்ட்டிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

பூங்காவுக்குப் பெயர் தந்த செக்கோயா மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவும் ரெட்வுட் வகைதான். ரெட்வுட் என்பதைச் செம்மரம் என்று எழுதினால் நம் ஆட்களுக்கு ஆந்திரக் காடும் கடத்தலும்தான் நினைவுக்கு வரும், இது வேறு மரம். கடலோர ரெட்வுட் இதைவிட உயரம், ஆனால் பருமனில் செக்கோயாதான் பெரியது. ஜெனரல் ஷெர்மன் என்று பெயர் வைத்திருக்கும் செக்கோயா மரம் 275 அடி உயரம், அடியில் 36 அடி குறுக்களவு. அங்கே வண்டி நிறுத்த இடம் தேடி அலையாமல் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் லாட்ஜ்போலிலிருந்து இலவச பஸ்ஸில் போய்விட்டோம், நல்ல முடிவு. ஷெர்மனைச் சுற்றி வேலி. ஆனால் வழியில் விழுந்து கிடந்த ஒன்றின் பட்டையை அழுத்திப் பார்த்தேன், தேங்காய் மட்டை போல நாராக, மெத்தென்று விரல் உள்ளே போகிறது. கையை எடுத்தால் கரி. இரண்டடி வரை தடிக்கும் இந்தப் பட்டைதான் காலங்காலமாகத் தீயிலிருந்து காத்தது. அப்படியும் 2020, 2021 காட்டுத் தீயில் உலகிலுள்ள பெரிய செக்கோயாக்களில் 13 முதல் 19 சதவீதம் போய்விட்டன என்கிறார்கள். 2021இல் தீயிலிருந்து காக்க ஷெர்மனின் அடிமரத்துக்கே அலுமினிய ஃபாயில் சுற்ற வேண்டி வந்தது.

கிராண்ட் குரோவிலிருந்து பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் சீடர் குரோவுக்கு இறங்கும் 30 மைல்தான் இந்த வண்டிக்கு ஏற்ற இடம். பெரிய கண்ணாடி, எதிரே பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிகிறது, கீழே இறங்கியதும் கிங்ஸ் ஆறு சாலையோடு சேர்ந்தே ஓடி வருகிறது. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் ஒரு டிராயர் தானாகத் திறந்து ஸ்பூன்கள் கொட்டின, மனைவி அதை டேப் போட்டு ஒட்டிவிட்டாள். இறக்கத்தில் கியரைக் குறைத்தே வாருங்கள், நான் முதலில் பிரேக்கையே நம்பி வந்து கருகல் வாடை வந்தபிறகுதான் நிறுத்தினேன். பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, ஃப்ரெஸ்னோவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு ஐந்துக்கு நான்கு, கடைக்கு ஒன்றரை. திருப்பிக் கொடுக்கும்போது தரையில் கிடந்த ஊசியிலைகளுக்குச் சுத்தம் செய்யும் கட்டணம் வேறு போட்டார்கள்.

அடுத்த தடவை சின்ன கார்தான். செக்கோயா பூங்காவிலேயே இன்னொரு பகுதியான மினரல் கிங் பார்க்க வேண்டும், அந்தச் சாலையில் ஏறக்குறைய 700 வளைவாம். அங்கே மார்மட் என்கிற அணில் இனத்துப் பிராணி காரடியில் புகுந்து ஹோஸையும் வயரையும் கடித்துவிடும் என்பதால் வண்டியையே தார்ப்பாயில் பொட்டலம் கட்டி நிறுத்துகிறார்கள். தார்ப்பாய் வாங்கியாகிவிட்டது.