மனைப்பிரிவு மழைநீர்: ரேஷனல் முறையா, எஸ்டபிள்யூஎம்எம் மாடலா?

நாலு ஹெக்டேர் காலி நிலம், மணிக்கு 60 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்ச ஓட்டத்தை, அதாவது ஒரே நேரத்தில் வரக்கூடிய அதிகபட்ச நீரோட்டத்தைக் கணக்கிடும் ரேஷனல் முறையில் ஓடுநீர்க் கெழு (மழையில் எவ்வளவு பங்கு நிலத்தில் ஊறாமல் ஓடுகிறது என்பது), மழைச் செறிவு, பரப்பு மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் முடிந்தது: கெழு 0.3 என்றால் விநாடிக்கு 0.2 கனமீட்டர், வீடும் சாலையும் சிமென்ட் தரையும் வந்து கெழு 0.7 ஆனதும் அதே மழைக்கு 0.47. தெருவோர வடிகாலின் அளவை முடிவு செய்ய இது தாராளம்.

ஆனால் மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல வெளியேவிடும் தேக்கக் குளம் என்று வந்துவிட்டால் நான் இதை நம்ப மாட்டேன். உச்ச ஓட்டம் மட்டும் தெரிந்து என்ன செய்வது? எவ்வளவு நேரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதுதானே கொள்ளளவைத் தீர்மானிக்கும்! அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாகத் தரும் எஸ்டபிள்யூஎம்எம் (SWMM) என்ற மழைநீர்க் கணினி மாடல், குளம் நிரம்புவதையும், வெளியேறும் துளை வழியே மெல்ல வடிவதையும், கடைசியில் கால்வாய் மட்டம் உயர்ந்து குழாய்க்குள் நீர் எதிர்த்து ஏறுவதையும்கூடக் காட்டும். சென்னை மாதிரித் தட்டையான ஊரில் அது ரொம்ப முக்கியம்.

உழைப்பு அதிகம்தான். ஒவ்வொரு மேன்ஹோலின் அடிமட்டத்தையும் அளந்து போட வேண்டும், குத்துமதிப்பாகப் போட்டால் மாடலும் பொய்தான் சொல்லும். அப்புறம், இரண்டு நாள் விடாமல் பெய்யும் ஐப்பசி மழையையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதல் மழைக்கு நிரம்பிய குளம் அடுத்ததற்குள் காலியாகிறதா என்பது அதில்தான் தெரியும்.