டிஸ்லெக்சியா உள்ள மகனுக்குக் கைகொடுத்த கருவிகள்

டிஸ்லெக்சியா (வாசிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு) உள்ள பிள்ளைக்கு எந்தக் கருவி வாங்கலாம் என்று பாளையங்கோட்டையில் தெரிந்த பெற்றோர்கள் கேட்டால், நான் முதலில் கேட்பது இதுதான்: பிள்ளை எதில் திணறுகிறான்? வாசிப்பதிலா, எழுதுவதிலா, போர்டைப் பார்த்து எழுதுவதிலா? அது தெரியாமல் வாங்குவது அலமாரியில்தான் கிடக்கும். என் மகனுக்கு மூன்றாம் வகுப்பில் கண்டுபிடித்தார்கள். இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறான்.

அடுத்து, கருவிக்குத் தமிழ் தெரியுமா என்று பாருங்கள். சென்னையில் இருக்கும் மைனி ஆசையாக ஒரு வாசிப்புப் பேனா வாங்கி அனுப்பினார்கள். அச்சு வரியின் மேல் இழுத்தால் சத்தமாக வாசிக்கும். ஆங்கிலப் பாடத்துக்கு அருமை, ஆனால் தமிழ் வரவில்லை. தமிழ் வழியில் படிக்கிறவனுக்கு ஒரே பாடத்துக்காக அவ்வளவு பணம் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்காகவே செய்தது என்று பலரும் சொல்லும் ஓப்பன்டிஸ்லெக்சிக் எழுத்துருவிலும் தமிழ் எழுத்துகள் இல்லை.

நம் பிள்ளைகளின் சிக்கல் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் 'க'. காதுக்கு முதலில் கேட்பது 'க்', கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. 'கோயில் கொடை' என்பதை என் மகன் 'கேயில் கெடை' என்றுதான் வாசிப்பான், பின்னால் நிற்கும் காலை விட்டுவிடுவான். அப்புறம் ல, ள, ழ இருக்கவே இருக்கிறது.

இதற்கு உதவியது, சொல் ஒலிக்கும்போதே திரையில் அதே சொல் நிறம் மாறிக் காட்டும் வாசிப்புதான். எட்ஜ் உலாவியின் 'ரீட் அலவுட்' வசதியில் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு இந்தியத் தமிழ்க் குரல்கள் உண்டு. மகனுக்கு வள்ளுவர்தான் வேண்டும். வேகத்தை நன்றாகக் குறைத்து வைத்திருக்கிறோம். சில பிடிஎஃப் கோப்புகளில் மட்டும் குரல் உளறும். யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டில் இல்லாத பழைய எழுத்துருவில் செய்த கோப்பு நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு வேறு எழுத்துகள்தான். அப்போது புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து கூகுள் லென்ஸில் கேட்போம். அச்சுப் பக்கம் பெரும்பாலும் சரியாக வரும், டீச்சர் கையால் எழுதிய நோட்ஸ் வராது.

எழுதுவதற்கு, போனில் இருக்கும் கூகுள் விசைப்பலகையான ஜிபோர்டின் குரல் தட்டச்சு; நாம் பேசினால் அது எழுத்தாக்கும். இதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். கையால் எழுதினால் நாலு வரியில் சோர்ந்துவிடுவான். அன்று போனை எடுத்து, "ஆச்சி வீட்டுக்குள்ள தண்ணி ஏறிட்டு, அவிய மாடியிலயே இருந்தாவ" என்றான். நம்ம ஊர்ப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை, 'அவிய' என்னவோ ஆகிவிட்டது. கொஞ்சம் யோசித்து, "அவர்கள் மாடியிலேயே இருந்தார்கள்" என்று நிறுத்திச் சொன்னான். சரியாக வந்தது. அப்படியே சொல்லிச் சொல்லி ஒரு பக்கம் போய்விட்டது. அவனுக்குள் இவ்வளவு இருந்ததா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் 'அவிய' தப்பு என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள், எழுத்தில் வேறு மாதிரி வரும் என்று சொன்னால் போதும்.

காசே இல்லாத கருவி ஒன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நீளமாகச் சன்னல் வெட்டி வைத்திருக்கிறோம். வரி தாவுவது இதனால் வெகுவாகக் குறைந்தது. வகுப்பில் போனுக்கு அனுமதி இல்லை, இந்த அட்டையை யாரும் தடுப்பதில்லை.

பரீட்சைக்கும் போன் வராது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஒருவரையும் கூடுதல் நேரத்தையும் கேட்கலாம். போனிடம் முழு வாக்கியமாக நிறுத்திச் சொல்லிப் பழகியது இங்கேதான் கைகொடுக்கிறது. போன பருவத் தேர்வில் எழுத உட்கார்ந்த அக்காவிடம் அவன் தடுமாறாமல் விடை சொன்னான். சான்றிதழ் வேலை இழுக்கும், அதனால் பத்தாம் வகுப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள்.